தையல் போட்ட செல்லத்துக்கு நீங்கள்தான் நர்ஸ்!



முதலில் ஒரு விடுகதை. பெயரில் பன்றி உண்டு. ஆனால் அது பன்றி இல்லை. பெயரில் கினி என்ற ஆப்பிரிக்க நாடு உண்டு. ஆனால் அதன் பூர்வீகம் அங்கே இல்லை. முன்னங்காலில் நான்கு விரல், பின்னங்காலில் மூன்று விரல். வாலைத் தேடினால் கண்ணில் படாது. பசி வந்தால் "வீக்... வீக்..." என்று விசில் அடித்து வீட்டையே கூட்டும். அது யார்?

சரியாகச் சொன்னீர்கள், கினிப் பன்றிதான்! சீமைப் பெருச்சாளி என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. எலி, அணில், முள்ளம்பன்றி போன்ற கொறித்துத் தின்னும் விலங்குகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. சொந்த ஊர், தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப் பகுதி. பெரு, பொலிவியா, ஈக்வடார் ஆகிய நாடுகளில் பல ஆயிரம் ஆண்டுகளாக மக்கள் இதை வீட்டில் வளர்த்து வருகிறார்கள். அங்கே இதன் பெயர் 'குய்'. 16ஆம் நூற்றாண்டில் கப்பல் ஏறி ஐரோப்பாவுக்குப் போனது. பிறகு உலகமெங்கும் பரவியது.

இப்போது நம் ஊர்களிலும் வளர்ப்புப் பிராணிகள் விற்கும் கடைகளில் இதைப் பார்க்கலாம். சில வீடுகளுக்குப் பிறந்தநாள் பரிசாகவே வந்துவிடுகிறது. மாட்டுக்கோ, நாய்க்கோ உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்ய வேண்டும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். இந்த விருந்தாளிக்கு ஆபரேஷன் செய்து, தையலோடு வீட்டுக்கு அனுப்பினால் என்ன செய்வது? கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் இந்த வாரம் நாம் அதைத்தான் படிக்கப் போகிறோம்.

கினிப் பன்றி வளர்க்காதவர்களும் விட்டுவிடாமல் படியுங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பக்குவம் எல்லாருக்கும் தேவைதானே!

எதற்கெல்லாம் ஆபரேஷன்?

கினிப் பன்றிக்கு அடிக்கடி வரும் தொல்லை, சிறுநீர்ப்பையில் கல். சுண்ணாம்புச் சத்து கட்டியாகச் சேர்ந்து இப்படி ஆகிறது. சிறுநீர் கழிக்கும்போது கத்தும். சிறுநீரில் ரத்தம் தெரியும். கல் பெரிதாக இருந்தால் வயிற்றைத் திறந்துதான் எடுக்க வேண்டும்.

வயதான பெண் கினிப் பன்றிகளுக்குச் சினைப்பையில் நீர்க்கட்டி வருவது சகஜம். தோலுக்கு அடியில் சீழ்க்கட்டி, கொழுப்புக் கட்டி போன்றவையும் வரும். ஆண்களுக்கு, குட்டி பெருகாமல் இருக்கக் கருத்தடை ஆபரேஷன் செய்வதும் உண்டு.

ஆபரேஷனை டாக்டர் செய்கிறார். அது சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு பத்து, பதினான்கு நாள் வீட்டில்தான் இருக்க வேண்டும். அந்த நாட்களில் அது பிழைப்பதும் பிழைக்காததும் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள் கையில்தான் இருக்கிறது. ஏன் தெரியுமா? இரண்டு காரணங்கள் உண்டு.

வலியை மறைக்கும் விலங்கு

முதல் காரணம், கினிப் பன்றி வலியை வெளியே காட்டாது. ஆண்டிஸ் மலையில் இதன் முன்னோர்களைப் பிடித்துத் தின்னப் பருந்தும் நரியும் காத்திருந்தன. கூட்டத்தில் எது சோர்ந்து நிற்கிறதோ, அதைத்தான் பருந்து முதலில் தூக்கும். அதனால் உடம்பு எவ்வளவு வலித்தாலும் ஒன்றும் நடக்காததுபோல் இருப்பது இதன் ரத்தத்தில் ஊறிய பழக்கம். இப்போது பருந்து இல்லை. உங்கள் வீட்டுக் கூடத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் அந்தப் பழக்கம் போகவில்லை.

குழந்தை வலித்தால் அழும். நாய் முனகும். கினிப் பன்றியோ மூலையில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். "சமர்த்தாகத் தூங்குகிறது" என்று நாம் நினைத்துக்கொள்வோம். உற்றுப் பாருங்கள். முதுகைக் கூன் போட்டு உட்கார்ந்திருக்கிறதா? முடி சிலிர்த்துக்கொண்டு நிற்கிறதா? கண் பாதி மூடியிருக்கிறதா? பல்லை நறநறவென்று கடிக்கிறதா? கீரைக் கட்டின் சத்தம் கேட்டும் திரும்பிப் பார்க்காமல் இருக்கிறதா? இவையெல்லாம்தான் அதன் அழுகை.

நிற்கக் கூடாத ஆலை

இரண்டாவது காரணம் வயிறு. நாம் காலை, மதியம், இரவு என்று சாப்பிடுகிறோம். கினிப் பன்றியின் வயிறு அப்படி இல்லை. அது இருபத்துநான்கு மணி நேரமும் ஓடும் ஆலை. புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டே இருந்தால்தான் குடல் அசையும். குடலுக்குள் நல்ல நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கில் இருந்து புல்லைச் செரிக்க உதவுகின்றன. உணவு நின்றால் குடல் அசைவதும் நிற்கும். வாயு சேரும், வயிறு உப்பும். நல்ல நுண்ணுயிர்கள் செத்து, கெட்டவை பெருகும்.

ஒரு நாள் முழுக்க ஒன்றும் தின்னாமல் இருந்தாலே கினிப் பன்றியின் உயிருக்கு ஆபத்து. ஆபரேஷன் நன்றாக நடந்து, தையலும் நன்றாக இருந்து, சாப்பிடாததால் செத்துப்போன கினிப் பன்றிகள் உண்டு. இந்த ஒரு செய்தியை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்!

பல்லும் அப்படித்தான். இதற்கு மொத்தம் 20 பற்கள். அத்தனையும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத் தேய்ந்தால்தான் அளவாக இருக்கும்.

டாக்டரிடம் கேளுங்கள்

நாய், பூனையை ஆபரேஷனுக்கு முன் பட்டினி போடுவார்கள். மயக்கத்தில் வாந்தி எடுத்தால் அது மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்பதே காரணம். கினிப் பன்றியால் வாந்தி எடுக்கவே முடியாது. எனவே இதை வெகுநேரம் பட்டினி போடுவதில்லை. இது எல்லாருக்கும் தெரிந்திருக்காது. கினிப் பன்றி, முயல் போன்ற சிறு பிராணிகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரா என்று உங்கள் பெற்றோரை முன்பே விசாரிக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு அழைத்து வரும் முன், ஒரு தாளில் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். வலி மருந்து எத்தனை நாள், எத்தனை வேளை? அடுத்த வேளை எத்தனை மணிக்கு? தையல் தானே கரையுமா, பிரிக்க வர வேண்டுமா? எந்த நாளில் மறுபடி காட்ட வேண்டும்? இரவில் அவசரம் என்றால் எந்த எண்ணுக்குப் பேசலாம்? பதிலைக் கேட்டுக்கொண்டே எழுதுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு ஆளுக்கு ஒன்று சொல்லி அடித்துக்கொள்ளாமல் இருக்கலாம்!

வீட்டில் ஓர் ஆஸ்பத்திரி

நோயாளி வருவதற்குள் அறை தயாராக இருக்க வேண்டும். மாடி வைத்த கூண்டு, சாய்வுப் பலகை எல்லாம் இப்போது வேண்டாம். ஏறி இறங்கினால் தையல் இழுபடும். தரையோடு தரையாக ஒரு பெட்டியோ கூண்டோ போதும்.

மரத்தூள், மரச்சீவல் போடாதீர்கள். தையலில் ஒட்டிக்கொண்டு சீழ் பிடிக்கும். கீழே செய்தித்தாளை அடுக்கி, மேலே சுத்தமான வெள்ளைத் துண்டை விரியுங்கள். வெள்ளைத் துண்டு எதற்கு? ஒரு சொட்டு ரத்தமோ சீழோ பட்டால்கூட உடனே தெரியும். ஈரமானால் மாற்றுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு, மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும்.

மயக்க மருந்து கொடுத்த முதல் சில மணி நேரம் சின்ன உடம்பின் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். பாட்டிலில் வெதுவெதுப்பான நீரை ஊற்றி, துணியில் நன்றாகச் சுற்றி, பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். வேண்டும்போது ஒட்டிக்கொள்ளும், சூடு போதும் என்றால் நகர்ந்துகொள்ளும். இருபுறமும் வைத்தால் நகர இடம் இருக்காது.

தெளிந்த பிறகு கதை தலைகீழ். குளிர்ந்த மலையில் பிறந்த இனம் இது. சுமார் 18 முதல் 24 டிகிரி வரை இதற்குச் சுகம். நம் ஊர்ச் சித்திரை வெயில் இதற்குத் தாங்காது. வீட்டிலேயே குளுமையான அறையில், ஜன்னல் வெயில் படாத மூலையில் வையுங்கள். மின்விசிறிக் காற்று நேராக முகத்தில் அடிக்கக் கூடாது. மின்சாரம் போனால் ஈரத் துண்டைக் கூண்டின் ஒரு பக்கம் தொங்கவிடலாம். நோயாளியின் மேல் ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் இன்னும் இரண்டு எதிரிகள் உண்டு. ஒன்று எறும்பு. சிந்திய உணவைத் தேடி வந்து, அப்படியே புண்ணையும் மொய்க்கும். கூண்டுக்குக் கால் இருந்தால், நான்கு காலையும் தண்ணீர் ஊற்றிய கிண்ணங்களில் வையுங்கள். மற்றொன்று ஈ. புண்ணில் உட்கார்ந்து முட்டையிட்டால் புழு வைத்துவிடும். கூண்டின் மேல் கொசுவலைத் துணியைப் போர்த்துங்கள். அடிப்பகுதி ஈரமில்லாமல் சுத்தமாக இருந்தால் ஈ வருவதே குறையும்.

தீபாவளி நேரமாக இருந்தால், தெருவைப் பார்த்த அறை வேண்டாம். தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கமும் வேண்டாம். பெட்டிக்குள் ஒரு சின்ன அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து வாசல் வெட்டி வைத்தால், ஒளிந்துகொள்ள வீடு கிடைத்த நிம்மதியில் இருக்கும்.

"வா கண்ணு, சாப்பிடு!"

மயக்கம் தெளிந்ததுமே முகத்துக்கு எதிரே உணவு இருக்க வேண்டும். முதலிடம் காய்ந்த புல்லுக்கு. நல்ல பச்சை நிறம் மாறாமல் காய்ந்த, பூஞ்சை இல்லாத புல்லாக இருக்கட்டும். நெல் வைக்கோல் மட்டும் கொடுத்தால் சத்து போதாது. வழக்கமாகத் தின்று பழகியிருந்தால், பூச்சிமருந்து படாத அருகம்புல்லைக் கழுவி உதறிக் கொடுக்கலாம். கொஞ்சம் கொத்தமல்லித் தழை, விதை நீக்கிய குடைமிளகாய்த் துண்டு இவற்றின் வாசனைக்கே சில செல்லங்கள் எழுந்து வந்துவிடும்.

புதுசு புதுசாக எதையும் இப்போது பழக்க வேண்டாம். வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சாக்லேட் கூடவே கூடாது. "உடம்பு சரியில்லாத பிள்ளைக்குத் தயிர்சாதம் கொடுக்கலாமே" என்று பாட்டி அன்போடு சொல்வார். பணிவாக மறுத்துவிடுங்கள். பால், தயிர், சோறு, ரொட்டி எதுவும் இதன் வயிற்றுக்கு ஆகாது. சிறுநீர்ப்பைக் கல்லுக்காக ஆபரேஷன் ஆகியிருந்தால், பசலை போன்ற கீரைகளை அள்ளிக் கொடுக்காதீர்கள். எந்தக் கீரை, எவ்வளவு என்று டாக்டரைக் கேளுங்கள்.

தண்ணீரைப் பாட்டிலிலும் வையுங்கள், தாழ்வான கிண்ணத்திலும் வையுங்கள். கழுத்தைத் தூக்கிக் குடிக்கத் தெம்பு இருக்காது.

ஊட்டும் கலை

தானாகச் சாப்பிடவில்லையா? அடுத்த நாள் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது. டாக்டரிடம் பேசிவிட்டு ஊட்ட ஆரம்பிக்க வேண்டும். இதற்கென்றே தண்ணீரில் கரைக்கும் புல் மாவு கிடைக்கிறது. அது இல்லாவிட்டால், வழக்கமாகத் தின்னும் கினிப் பன்றித் தீவனக் குச்சிகளை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, கூழாக மசித்துக்கொள்ளலாம். ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சில் எடுத்து ஊட்ட வேண்டும்.

இதைச் செய்யும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் கூட இருக்க வேண்டும். ஒருவர் பிடிக்க, ஒருவர் ஊட்ட, வேலை எளிதாகும்.

மடியில் துண்டை விரித்து, நாலு காலும் கீழே ஊன்றியிருக்கும்படி உட்கார வையுங்கள். குழந்தையைப்போல் மல்லாக்கப் போட்டு ஊட்டவே கூடாது. கூழ் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். முன்பல்லுக்கும் கடைவாய்ப்பல்லுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கும். வாயின் பக்கவாட்டில், அந்த இடைவெளி வழியே சிரிஞ்சின் முனையை மெல்ல வைத்து, அரை மில்லி மட்டும் விடுங்கள். மென்று விழுங்கிய பிறகுதான் அடுத்த அரை மில்லி. அவசரம் ஆகாது. துப்பினால் திட்டாதீர்கள். நாமும் சின்ன வயதில் அம்மாவிடம் எத்தனை முறை துப்பியிருக்கிறோம்!

எவ்வளவு கொடுப்பது? ஒன்றுமே தின்னாத கினிப் பன்றிக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 50 முதல் 80 மில்லி வரை பொதுவாகக் கொடுப்பார்கள். ஒரே தடவையில் அல்ல, ஐந்தாறு வேளையாக. இரவிலும் ஒரு வேளை உண்டு. உங்கள் செல்லத்துக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். வயிறு உப்பி மத்தளம்போல் இறுகியிருந்தால் ஊட்டாதீர்கள். உடனே டாக்டரிடம் போங்கள்.

ஊட்டி முடித்ததும் வாயையும் தாடையையும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எறும்பு நண்பர்கள் வந்துவிடுவார்கள்.

ஒரு கணக்கு போடுவோமா?

"சாப்பிடுகிறது போலத்தான் இருக்கிறது" என்று கண் சொல்லும். தராசுதான் உண்மையைச் சொல்லும். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு இருந்தால் அதுவே போதும். ஒரு கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, நோயாளியை அதில் உட்கார வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் நிறுத்துப் பாருங்கள்.

வளர்ந்த கினிப் பன்றி பெரும்பாலும் 700 கிராம் முதல் 1,200 கிராம் வரை இருக்கும். உங்கள் செல்லம் ஆபரேஷனுக்கு முன் 950 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அதில் பத்து சதவீதம் எவ்வளவு? 95 கிராம். 950-லிருந்து 95-ஐக் கழித்தால் 855. அந்த எண்ணை நோட்டில் சிவப்பு மையால் எழுதுங்கள். அதுதான் எல்லைக்கோடு!

முதல் நாள் 930, இரண்டாம் நாள் 915 என்று குறைந்தால், கூடுதலாக ஊட்ட வேண்டும் என்று பொருள். டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள். மூன்றாம் நாள் 915-லேயே நின்று, நான்காம் நாள் 922 ஆனால், "அப்பாடா!" என்று மூச்சு விடலாம். 855-ஐ நெருங்கினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. பள்ளியில் சதவீதக் கணக்கு எதற்கு என்று கேட்கிறவர்களே, இதோ ஓர் உயிரைக் காப்பாற்றத்தான்!

எடையோடு இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முகம் சுளிக்கக் கூடாது. அதுதான் புழுக்கை! புழுக்கை நிறைய, ஒரே அளவாக, நீள்வட்டமாக விழுந்தால் ஆலை ஓடுகிறது. சிறுத்துப்போய், நாலைந்துதான் விழுகிறது என்றால் ஆலை மெதுவாகிறது. ஒன்றுமே இல்லை என்றால் ஆபத்து. சில சமயம் அது தன் மென்மையான புழுக்கையைத் தானே குனிந்து எடுத்துத் தின்னும். தடுக்காதீர்கள். அதில் குடல் நுண்ணுயிர்கள் செய்த சத்து இருக்கிறது. ஒருமுறை செரித்ததில் விட்டுப்போன சத்தை இரண்டாம் முறை எடுத்துக்கொள்கிறது. கழுத்தில் பெரிய புனல் மாட்டினால் இதைச் செய்ய முடியாது. அதனால்தான் நாய்க்குப் போடுவதுபோல் இதற்குப் புனல் மாட்டப் பல டாக்டர்கள் தயங்குகிறார்கள்.

தையலைப் பாருங்கள், தொடாதீர்கள்

காலை ஒருமுறை, மாலை ஒருமுறை தையலைப் பாருங்கள். அதற்கு முன்னும் பின்னும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கு அடியில், இன்னொரு கை பின்புறத்துக்கு அடியில் தாங்கலாக இருக்க வேண்டும். தரையில் உட்கார்ந்துகொண்டே தூக்குங்கள். துள்ளி விழுந்தாலும் அடிபடாது.

லேசான சிவப்பும் லேசான வீக்கமும் முதல் ஓரிரு நாள் இருக்கும். நாளுக்கு நாள் குறைய வேண்டும். அதற்கு மாறாக வீக்கம் கூடினாலோ, சீழ் வடிந்தாலோ, கெட்ட வாடை வந்தாலோ, தையல் பிரிந்து வாய் திறந்தாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும். கருத்தடை செய்த ஆண்களுக்கு ஒரு வாரம் கழித்துக்கூடக் கட்டி கிளம்பலாம். அதனால் "ஆறிவிட்டது" என்று நினைத்துப் பார்ப்பதை நிறுத்திவிடாதீர்கள்.

மஞ்சள் பூசலாமா, தேங்காய் எண்ணெய் தடவலாமா, பவுடர் போடலாமா என்று ஆளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். டாக்டர் சொல்லாத எதையும் தையலில் போடாதீர்கள். ஆறும் வரை குளியலும் கிடையாது.

மருந்தில் விளையாடாதீர்கள்

வலி மருந்தை டாக்டர் சொன்ன நாள் வரை, சொன்ன நேரத்தில் கொடுக்க வேண்டும். "நன்றாகத்தானே இருக்கிறது" என்று பாதியில் நிறுத்தக் கூடாது. வலித்தால் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று மேலே படித்தோம் அல்லவா?

நம் வீட்டு மாத்திரைப் பெட்டியில் இருக்கும் எதையும் கொடுக்காதீர்கள். டாக்டர் நமக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின், பெனிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால், கினிப் பன்றியின் குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, உயிரே போய்விடும். நமக்கு அமுதம், அதற்கு நஞ்சு! எனவே, எந்தக் கடையில் யார் என்ன மருந்து கொடுத்தாலும், "இது கினிப் பன்றிக்குக் கொடுக்கலாமா?" என்று கால்நடை மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நமக்கும் அதற்கும் ஓர் உறவு

இப்போது ஓர் அதிசயம் சொல்லட்டுமா? நாய், பூனை, எலி, ஆடு, மாடு எல்லாம் வைட்டமின் சி சத்தைத் தங்கள் உடம்பிலேயே செய்துகொள்ளும். மனிதனுக்கு அந்தத் திறமை இல்லை. கினிப் பன்றிக்கும் இல்லை! இரண்டு பேருமே உணவிலிருந்துதான் பெற வேண்டும்.

பழைய காலத்தில், மாதக்கணக்கில் கடலில் போன மாலுமிகளுக்கு ஈறு வீங்கி ரத்தம் வடியும். பழைய புண்கள் திறந்துகொள்ளும். பலர் இறந்தும் போவார்கள். அந்த நோயின் பெயர் ஸ்கர்வி. 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் என்ற இருவர், தானியம் மட்டும் தின்ற கினிப் பன்றிகளுக்கு அதே ஸ்கர்வி வருவதைக் கண்டார்கள். காய்கறி, பழம் போன்றவற்றைக் கொடுத்தால் அந்த நோய் வராமல் காக்கலாம் என்பதும் தெரிந்தது. அதன் பிறகுதான் அந்த மாயப் பொருளைத் தேடும் வேலை சூடு பிடித்தது. ஹங்கேரி விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜியார்ஜி பிரித்தெடுத்த பொருள்தான் வைட்டமின் சி என்று 1932இல் உறுதியானது. அதற்கும் கினிப் பன்றிகளை வைத்தே சோதனை நடந்தது. 1937இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

புண் ஆற, தோலை ஒட்டவைக்கும் கொலாஜன் என்ற புரதம் வேண்டும். அதைச் செய்ய வைட்டமின் சி வேண்டும். ஆகவே தையல் போட்ட கினிப் பன்றிக்கு இந்தச் சத்து இரட்டிப்பு அவசியம். ஆரோக்கியமாக இருக்கும்போது ஒரு கிலோ எடைக்குத் தினம் 10 முதல் 30 மில்லிகிராம் போதும். நோயின்போது இன்னும் அதிகம் தேவைப்படும். அளவை டாக்டர் சொல்வார். சிவப்புக் குடைமிளகாயில் ஆரஞ்சுப் பழத்தைவிட இந்தச் சத்து அதிகம். கொய்யாவிலும் நிறைய உண்டு. ஆனால் இனிப்பு இருப்பதால் விரல் நுனி அளவு போதும். குடிநீரில் சொட்டு மருந்தாகக் கலந்து வைத்தால் சத்து சீக்கிரம் வீணாகிவிடும்.

தோழனைப் பிரிக்காதீர்கள்

கினிப் பன்றி கூட்டமாக வாழும் விலங்கு. சுவிட்சர்லாந்து நாட்டில் 2008ஆம் ஆண்டு முதல், ஒற்றைக் கினிப் பன்றியைத் தனியாக வளர்ப்பது சட்டப்படி தவறு என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்! உங்களிடம் ஜோடி இருந்தால், நோயாளியை வேறு அறையில் அடைக்காதீர்கள். தோழன் பக்கத்தில் இருந்தால் சீக்கிரம் சாப்பிடத் தொடங்கும். தையலை நக்குவது, துரத்துவது என்று குறும்பு செய்தால், நடுவே கம்பிவலை வைத்து ஒருவரை ஒருவர் பார்க்கும்படி வையுங்கள்.

ஒரு விஷயம். கருத்தடை செய்த ஆணைப் பெண்ணோடு உடனே விடாதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் சில வாரங்கள் வரை குட்டி பிறக்க வாய்ப்பு உண்டு. எப்போது சேர்க்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுவரில் ஒட்டிவைக்க ஒரு பட்டியல்

இவற்றில் ஒன்று இருந்தாலும் பெரியவர்களை எழுப்புங்கள். நடு இரவானாலும் பரவாயில்லை.

1. பன்னிரண்டு மணி நேரமாக ஒன்றும் தின்னவில்லை.
2. புழுக்கையே விழவில்லை.
3. வயிறு உப்பி இறுகியிருக்கிறது.
4. சிறுநீர் வராமல் முக்குகிறது, கத்துகிறது.
5. வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது.
6. உடம்பு சில்லிட்டு, துவண்டு கிடக்கிறது.
7. தையல் பிரிந்திருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை.
8. எடை எல்லைக்கோட்டை நெருங்கிவிட்டது.

கடைசியாக ஒரு சொல்

செல்வங்களே, ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இத்தனையும் செய்தும் சில செல்லங்கள் பிழைப்பதில்லை. சின்ன உடம்பு, மயக்க மருந்தும் ஆபரேஷனும் அதற்கு மலை ஏறுவது போன்றது. அப்படி நேர்ந்தால் "நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லையோ" என்று உங்களையே நொந்துகொள்ளாதீர்கள். அழுகை வந்தால் அழுங்கள். அம்மா, அப்பாவிடம் மனம் விட்டுப் பேசுங்கள். அது வலியோடு இருந்த நாட்களில், வேளாவேளைக்கு ஊட்டி, துண்டு மாற்றி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீங்கள்தான். அந்த ஆறுதல் அதற்குக் கிடைத்தது.

ஆனால் கவனமாகப் பார்த்தால் பிழைத்து எழுபவையும் ஏராளம். ஒரு நாள் நீங்கள் கீரைக் கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் பெட்டிக்குள்ளிருந்து "வீக்!" என்று குரல் வரும். அதற்குச் சில நாள் கழித்து, சட்டியில் சோளப்பொரி வெடிப்பதுபோல் நாலு காலும் தரையில் படாமல் துள்ளிக் குதிக்கும். கினிப் பன்றியின் மகிழ்ச்சிக் கூத்து அது!

'சோதனைக்கு ஆளாகிறவர்' என்பதற்கு ஆங்கிலத்தில் இந்த விலங்கின் பெயரைத்தான் சொல்வார்கள். வைட்டமின் சி மட்டுமல்ல, தொண்டை அடைப்பான், காசநோய் பற்றிய ஆராய்ச்சிகளிலும் இவை உயிர் கொடுத்திருக்கின்றன. நாம் சாப்பிடும் மருந்துகளுக்குப் பின்னால் பெயர் தெரியாத எத்தனையோ கினிப் பன்றிகள் இருக்கின்றன. அவற்றின் பேரப்பிள்ளை ஒன்று தையலோடு நம் வீட்டு மூலையில் உட்கார்ந்திருக்கும்போது, இரவில் ஒருமுறை எழுந்து ஒரு சிரிஞ்சுக் கூழ் ஊட்டுவது பெரிய காரியமா என்ன?

இன்றே ஒரு பழைய நோட்டை எடுங்கள். உங்கள் வீட்டில் எந்தப் பிராணி இருந்தாலும் சரி, அதன் எடை, அது தின்னும் உணவு, பக்கத்தில் உள்ள கால்நடை மருத்துவமனையின் தொலைபேசி எண், மூன்றையும் முதல் பக்கத்தில் எழுதுங்கள். உடம்பு நன்றாக இருக்கும்போது எழுதியதுதான் உடம்பு கெடும்போது கை கொடுக்கும். எழுதுவீர்கள்தானே?